மதுரைக்குத் தாளாக வந்து சேரும் ராணுவ விசாரணை

மதுரையில் கன்டோன்மென்ட் கிடையாது. தமிழ்நாட்டில் பரங்கிமலை–பல்லாவரத்திலும் நீலகிரியின் வெலிங்டனிலும் மட்டுமே கன்டோன்மென்ட் வாரியங்கள் இருக்கின்றன. சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டுமாக நிற்கும் ராணுவப் போலீஸ்காரரை மதுரைக்காரர்கள் பார்ப்பது அபூர்வம். பார்த்திருந்தால், வடக்கே ரயிலேறிப் போகும்போது ஏதாவதொரு பெரிய நிலையத்தின் நடைமேடையில் பார்த்திருப்பார்கள். ஆனால் உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், டி. கல்லுப்பட்டி பக்கங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தெருக்களுக்கு ராணுவத்தின் குற்ற விசாரணை தாள் வடிவில்தான் வந்து சேர்கிறது: லீவு முடிந்தும் திரும்பாதவரைப் பிடித்துத் தரச் சொல்லும் படிவமாக, மகன் எப்படிச் செத்தான் என்று கேட்ட குடும்பத்துக்கு வரும் இரண்டு பத்திக் கடிதமாக, பணிநீக்க உத்தரவாக. அந்தத் தாளின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, அவருடைய பணிக்காலம் எப்படிக் கழிகிறது என்பவை இங்கே பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்ளப்பட்டிருக்கின்றன.

ராணுவத்துக்குள் துப்பறிவாளர் என்று சொன்னதும், யாரையும் எந்த நேரத்திலும் அறைக்குள் அழைத்து உட்கார வைத்து உண்மையைக் கறந்துவிடும் ஒரு ஆசாமியை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை. இந்திய ராணுவத்தின் காவல் பிரிவு 1939இல் சிறிய அளவில் தொடங்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது வளர்ந்தது. பெங்களூரில் அதன் பயிற்சி மையம் இருக்கிறது. சேவையும் உதவியும் என்பது அதன் குறிக்கோள் வாசகம். படை நகரும்போது சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, முகாம் வாசல்களில் ஒழுங்கைக் காப்பது, போர்க் கைதிகளைக் கவனிப்பது, அணிவகுப்புகளில் நிற்பது ஆகியவை அதன் அன்றாட வேலைகள். குற்ற விசாரணை இந்த வேலைகளில் ஒன்று. முதன்மையானது என்று சொல்ல முடியாது.

1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 107ஆவது பிரிவை எடுத்துப் படித்தால் இது தெளிவாகும். ராணுவக் காவலின் தலைவரான புரோவோஸ்ட் மார்ஷலைப் பற்றிப் பேசும் பிரிவு அது. காவலில் உள்ளவர்களைப் பொறுப்பேற்பதும், ஒழுங்கைப் பேணுவதும், அது மீறப்படாமல் தடுப்பதும் அவருடைய கடமைகள் என்கிறது. ராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட எவரும் குற்றம் செய்தால் அவரைக் கைது செய்து விசாரணைக்காக வைத்திருக்கலாம். ஆனால் தாமாக எந்தத் தண்டனையும் கொடுக்கக் கூடாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு அதிகாரியைக் கைது செய்வதானால் வேறொரு அதிகாரியின் உத்தரவு இருந்தே ஆக வேண்டும். சிவப்புத் தொப்பி அணிந்த சுபேதார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், தம் கண்ணெதிரே குற்றம் செய்யும் ஒரு லெப்டினன்ட்டின் தோளில் அவராகக் கை வைக்க முடியாது. குற்றத்தைத் துப்புத் துலக்குவது பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்வதில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யும் காவல் நிலையமும் அவரிடம் இல்லை. முகாமுக்கு வெளியே உள்ள ஒரு டீக்கடைக்காரரை விசாரிக்க வேண்டுமானால், அவர் வர மறுத்துவிட்டால், உள்ளூர் போலீசின் துணையின்றி ராணுவப் போலீஸ்காரரால் ஒன்றும் செய்ய இயலாது.

அப்படியானால் விசாரிப்பது யார்? சட்டத்தின் பதில் கமாண்டிங் ஆபீசர். சிஓ என்று பட்டாளத்தில் சொல்லப்படும் அந்த அதிகாரிதான் குற்றச்சாட்டைக் கேட்பவர், சாட்சியத்தை எழுத உத்தரவிடுபவர், வழக்கைத் தள்ளுவதா நடத்துவதா என்று முதலில் முடிவெடுப்பவர். சிறிய குற்றமானால் 80ஆவது பிரிவின்படி 28 நாள் வரை காவல் தண்டனையை அவரே கொடுத்துவிடலாம். தம் யூனிட்டின் சிப்பாய்க்குத் தகப்பனார் போல இருக்க வேண்டியவரும் அவர்தான், நீதிபதி போல உட்கார வேண்டியவரும் அவர்தான். ராணுவப் போலீசின் விசாரணையாளர் இந்த மனிதருக்குக் கருவியாக அனுப்பப்படுகிறவர். அவர் கண்டுபிடிப்பதெல்லாம் இவர் மேசைக்குப் போகும், அதற்குப் பிறகு நடப்பது அவர் கையில் இல்லை. ராணுவ விசாரணை பற்றி ஊரில் எழும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஏற்பாட்டில்தான் வந்து முட்டுகின்றன.

மதுரைக்கு வரும் தாள்களில் மிகச் சாதாரணமானது தலைமறைவானவரைப் பிடித்துத் தரக் கோரும் படிவம். ஒரு சிப்பாய் லீவில் வருகிறார். தங்கச்சி கல்யாணம், நிலத் தகராறு, அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டே போகிறது. லீவு நீட்டிப்புக் கேட்டுத் தந்தி அடித்த காலம் போய் இப்போது வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். ஆனால் அனுமதி என்பது எழுத்தில் வந்தால்தான் அனுமதி. குறித்த நாளில் அவர் போய்ச் சேராவிட்டால், 105ஆவது பிரிவின்படி யூனிட் அவருடைய சொந்த மாவட்டத்து அதிகாரிகளுக்கு எழுதுகிறது. படைஎண், பெயர், தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, காவல் நிலையம், உயரம், உடலிலுள்ள அடையாளங்கள் என்று சேர்ந்தபோது எழுதிக்கொண்டவை அனைத்தும் அதில் இருக்கும். இடது புருவத்துக்கு மேல் தழும்பு என்று எவரோ ஒரு எழுத்தர் பல ஆண்டுகளுக்கு முன் குறித்துவைத்த வரி, இப்போது ஒரு ஏட்டய்யாவின் கையில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும். அந்தப் படிவத்துக்கு மாஜிஸ்திரேட் பிறப்பித்த பிடிவாரண்டின் மதிப்பு உண்டு என்பது குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. அதே பிரிவின்படி, தப்பியோடியவர் என்று நியாயமாக நம்பக்கூடிய எவரையும் போலீஸ்காரர் வாரண்ட் இல்லாமலே பிடித்து, அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம்.

30 நாள் கழிந்தால் அடுத்த கட்டம். 106ஆவது பிரிவின்படி யூனிட்டில் ஒரு விசாரணைக் குழு கூடி, அவர் அனுமதியின்றி இல்லாமல் போனதையும், அவரிடம் இருந்த அரசுப் பொருள்களில் எவை குறைகின்றன என்பதையும் உறுதிமொழியின் பேரில் பதிவு செய்கிறது. அதற்குப் பிறகும் அவர் சரணடையாமலும் பிடிபடாமலும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் தப்பியோடியவர். அனுமதியின்றி இல்லாமல் இருப்பதற்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. தப்பியோடியதற்கு சாதாரணக் காலத்தில் 7 ஆண்டு, களப்பணியில், அதாவது எதிரிக்கு எதிரான நடவடிக்கையில், இருக்கும்போதென்றால் மரண தண்டனை வரை சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு மனத்தில் இருந்த எண்ணம்தான்: திரும்பிப் போகும் எண்ணம் இருந்ததா இல்லையா. அதை நிரூபிக்க உதவுவது மறுபடியும் தாள்தான். டாக்டரின் சீட்டு, ரயில் டிக்கெட், யூனிட்டுக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீது ஆகியவற்றை எடுத்துவைத்திருப்பவரும் வைக்காதவரும் ஒரே காரணத்துக்காக ஊரில் தங்கியிருந்தாலும் ஒரே முடிவைச் சந்திப்பதில்லை. லீவில் வந்த பையனிடம் அத்தாட்சிகளைப் பத்திரப்படுத்தச் சொல்லும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முகாமுக்குள் நடக்கும் விசாரணை எப்படி இருக்கும் என்பதை நான் முதலில் கேட்டது என் பெரியப்பாவிடம்தான். வண்டி ஓட்டும் பிரிவில் இருந்து அவில்தாராக ஓய்வு பெற்று, ஊருக்கு வந்து பால் மாடு வைத்துப் பிழைத்தவர். அவர் இருந்த இடத்தில் ஒரு முறை டீசல் குறைந்துவிட்டதாம். வந்த சிவப்புத் தொப்பிக்காரர் யாரையும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை என்று பெரியப்பா வியப்போடு சொல்வார். “கேட்டது மூணே கேள்விதான்டா. வண்டி எங்க நின்னுச்சு, மீட்டர்ல என்ன இருந்துச்சு, கையெழுத்து யாருது. இந்த மூணையும் அஞ்சு நாள் கேட்டாரு.” ஒவ்வொரு வண்டிக்கும் கார் டைரி என்று ஒரு குறிப்பேடு உண்டு. எத்தனை மணிக்கு எந்த வேலைக்குக் கிளம்பியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் அனுப்பினார்கள் என்று அதில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எண்ணெய் கொடுத்த பதிவேடு இன்னொரு இடத்தில், வாசலில் வண்டி வெளியேறிய பதிவேடு மூன்றாவது இடத்தில், அன்றைய பணிப்பட்டியல் நான்காவது இடத்தில் இருக்கும். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தால், வாசலைத் தாண்டவே இல்லாத ஒரு லாரி 180 கிலோமீட்டர் ஓடியதாக எழுதப்பட்டிருக்கும் நாள் தானாக வெளியே தெரியும். பெரியப்பாவின் கதையில் குற்றவாளி வண்டி ஓட்டியவர் அல்ல, டைரியை மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியவர்.

ராணுவ விசாரணையாளரின் தொழில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ரேஷன் கிட்டங்கியில் இருப்புக் குறைவு, தோட்டா எண்ணிக்கையில் வித்தியாசம், போலி லீவுச் சான்றிதழ், கேன்டீன் சரக்கு வெளியே போவது, ஆள்சேர்ப்பில் ஆள்மாறாட்டம் என்று அவரிடம் வரும் விஷயங்கள் ரத்தக்கறையைவிடப் பதிவேட்டோடுதான் அதிகம் சம்பந்தப்பட்டவை. இதில் ராணுவத்துக்கு ஒரு வசதி உண்டு. நம்முடைய எந்த அலுவலகத்தையும்விட அங்கே கையெழுத்துகள் அதிகம். ஒரு ஜோடி காலணி கைமாறுவதற்கும் ஒரு கையெழுத்து இருக்கும்.

ஆனால் அவர் சேகரித்தது அப்படியே ராணுவ நீதிமன்றத்துக்குப் போய்விடுவதில்லை. இங்கேதான் வெளியாட்களுக்குக் குழப்பம் வருகிறது. கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற பெயரில் கோர்ட் இருந்தாலும் அது நீதிமன்றம் அல்ல. நடந்தது என்ன என்று கண்டறிய அதிகாரிகள் சிலர் உட்காரும் குழு. 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளில் 180ஆவது விதி, ஒருவருடைய நற்பெயருக்குப் பாதிப்பு வரும் என்றால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் தரப்புச் சாட்சிகளைக் கொண்டுவரவும் முழு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. 182ஆவது விதியோ, அந்தக் குழுவின் முன் சொன்ன எதையும், ஒப்புதல் வாக்குமூலத்தைக்கூட, பின்னால் அவருக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பொய்ச் சாட்சி சொன்னதற்கான வழக்கு மட்டுமே விதிவிலக்கு. ஆகவே குற்றம் சாட்டுவதானால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டும். சாட்சியச் சுருக்கம் என்று அதற்குப் பெயர்.

சாட்சியச் சுருக்கம் எழுதும் அறையைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். மேசைக்குப் பின்னால் அதற்கென நியமிக்கப்பட்ட ஒரு அதிகாரி. எதிரே குற்றம் சாட்டப்பட்டவர். சாட்சி ஒவ்வொருவராக வந்து, அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொன்னது எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, சாட்சியின் கையெழுத்து வாங்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவர் குறுக்குக் கேள்வி கேட்டால் கேள்வியும் பதிலும் பதிவாகும். எல்லாம் முடிந்த பிறகு அவரிடம், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா, சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் சொல்வது எழுதப்படும், சாட்சியமாகவும் வைக்கப்படலாம் என்ற பொருளில் எச்சரிக்கை சொல்லப்பட வேண்டும். தமிழைத் தவிர வேறு மொழியில் தடுமாறும் ஒரு இருபது வயதுப் பையனுக்கு இந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோ வேகமாக வாசிக்கப்பட்டதா, அவனுக்குப் புரியும்படி சொல்லப்பட்டதா என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பின்னால் வழக்கு நிற்பதும் விழுவதும் இத்தகைய சின்ன விஷயங்களில்தான். ராணுவ நீதிமன்றம் தொடங்குவதற்குக் குறைந்தது 96 மணி நேரத்துக்கு முன்பே குற்றச்சாட்டுகளை அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்பதும் அதே வகை விதி. களப்பணியில் இருப்பவருக்கு மட்டும் அது 24 மணி நேரமாகக் குறையும்.

1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரஞ்சித் தாகூர் வழக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்வேன். மேலதிகாரிகளைத் தாண்டிப் புகார் அனுப்பியதற்காக 28 நாள் தண்டனை பெற்ற ஒரு சிப்பாய், காவலில் இருந்தபோது சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டார். அவரைத் தண்டித்த அதே அதிகாரி பங்கேற்ற சுருக்க ராணுவ நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது. விசாரிக்க உட்கார்ந்திருப்பவர் மீது உனக்கு ஆட்சேபம் உண்டா என்று சட்டப்படி கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. தீர்ப்பு ரத்தாயிற்று. தண்டனை குற்றத்துக்குப் பொருந்தாத அளவு கடுமையானது என்றும் நீதிமன்றம் சொன்னது. சிப்பாய் சாப்பிட மறுத்தாரா இல்லையா என்பதைச் சுற்றி எவ்வளவு திறமையாகத் துப்புத் துலக்கியிருந்தாலும் கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியை அது ஈடுகட்டியிருக்காது.

தன் வீட்டுக் குற்றத்தைத் தானே விசாரிப்பதில் உள்ள சங்கடம் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூன் மாதத்திலேயே, முஸ்தபா பெய்க் என்ற சிப்பாய் சதி நடப்பதாகத் தம் அதிகாரியிடம் சொல்லியிருந்தார். அந்த அதிகாரி அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளின் குழு ஒன்றிடம் விட்டார். அவர்கள் புகாரில் உண்மையில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். புகார் சொன்னவரைத்தான் விலங்கிட்டு அடைத்தார்கள். கம்பெனியின் கண்ணோட்டத்திலிருந்து பார்த்தாலும் எதிர்த்து நின்றவர்களின் கண்ணோட்டத்திலிருந்து பார்த்தாலும், விசாரணையை யாரிடம் கொடுத்தார்கள் என்பதே அங்கே முடிவைத் தீர்மானித்தது.

ராணுவத்துக்கு வெளியே உள்ள நீதிமன்றம் எங்கே நுழையலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லைக்கோடுகள் உண்டு. ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைக் கொலை செய்தாலோ, கொலையாகாத மரணம் விளைவித்தாலோ, பாலியல் வன்கொடுமை செய்தாலோ, அந்த வழக்கு 70ஆவது பிரிவின்படி சாதாரண நீதிமன்றத்துக்குரியது; களப்பணியிலோ வெளிநாட்டிலோ எல்லைக் காவல் நிலையிலோ நடந்திருந்தால் மட்டும் ராணுவம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தரப்பும் விசாரிக்கக்கூடிய மற்றக் குற்றங்களில் எங்கே நடத்துவது என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை 125ஆவது பிரிவு ராணுவத்துக்குத் தருகிறது. லீவில் வந்த சிப்பாய் அண்ணாநகரில் ஒரு அடிதடியில் மாட்டினால் மதுரைப் போலீஸ் தாராளமாகக் கைது செய்யலாம். அலுவல் கடமையில் செய்த செயலுக்குத்தான் கைதிலிருந்து பாதுகாப்பு உண்டு. வழக்கு மாஜிஸ்திரேட் முன் வந்ததும், 1978ஆம் ஆண்டின் அதிகார வரம்பு விதிகளின்படி கமாண்டிங் ஆபீசருக்கு அறிவிப்பு அனுப்பி 15 நாள் காத்திருக்க வேண்டும். ஆளை எங்களிடம் கொடுங்கள் என்று கடிதம் வரலாம், வராமலும் போகலாம். சொந்த ஊர்த் தகராறுகளில் வராமல் போவதே இயல்பு, ஏனெனில் சாட்சிகள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள்.

இந்தத் தேர்வுரிமை எவ்வளவு கனமானது என்பதற்கு பத்ரிபல் வழக்கு சான்று. 2000ஆம் ஆண்டு காஷ்மீரில் நடந்த அந்தக் கொலைகளில் சிபிஐ 2006இல் ராணுவத்தினர் ஐவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 2012 மே மாதம் உச்ச நீதிமன்றம், எந்த மன்றத்தில் நடத்துவது என்று ராணுவமே சொல்லட்டும் என்றது. ராணுவம் வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, சாட்சியச் சுருக்கம் பதிவு செய்து, 2014 ஜனவரியில் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துவைத்தது. வெளியே ஒரு புலனாய்வு அமைப்பு கட்டிய வழக்கு, நான் மேலே விவரித்த அதே மேசையில் முடிந்தது.

ஊரில் மிகவும் வலிக்கும் தாள் மரணத்தைப் பற்றியது. முகாமில் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் இரண்டு விசாரணைகள் இணையாக ஓடும். அந்த இடத்துக் காவல் நிலையம், முன்பு 174ஆவது பிரிவு என்று சொல்லிப் பழகிய, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194ஆவது பிரிவாகிவிட்ட சட்டத்தின்கீழ் விசாரித்துப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பும். யூனிட் தனியே விசாரணைக் குழுவை அமைக்கும். முதலாவது, குற்றம் நடந்ததா என்று பார்க்கிறது. இரண்டாவது, அதோடு சேர்த்து, மரணத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறது. மனைவிக்குக் கிடைக்கப்போகும் குடும்ப ஓய்வூதியத்தின் அளவு இந்த இரண்டாவது கேள்வியின் பதிலைப் பொறுத்தது. பெட்டி ஊருக்கு வரும் நாளில் யாரும் இதைக் கேட்கும் நிலையில் இருப்பதில்லை. கேட்கும் நிலைக்கு வரும்போது ஆறு மாதம் ஓடியிருக்கும், விசாரணைக் குழு கலைந்திருக்கும், சாட்சி சொன்ன நண்பர்கள் வெவ்வேறு இடங்களுக்கு மாற்றலாகியிருப்பார்கள். அஞ்சாறு ஊர் தள்ளி ஓய்வு பெற்ற சுபேதார் யாராவது இருந்தால் அவர் சொல்லித்தான், போலீஸ் விசாரணை அறிக்கை ஒன்று, குழுவின் கண்டறிதல் ஒன்று என இரண்டையும் தனித்தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும் என்பதே குடும்பத்துக்குத் தெரிகிறது.

விசாரணையாளரின் பணிக்காலத்தைப் பார்க்கலாம். பெண்கள் முதன்முறையாகச் சிப்பாய் நிலையில் ராணுவத்தில் சேர்க்கப்பட்டது இந்தக் காவல் பிரிவில்தான். 2019 ஜனவரியில் அதை அறிவித்த அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். பாலியல் குற்றப் புகார்களை விசாரிக்கப் பெண்கள் தேவை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. முதல் அணியில் 83 பேர் 61 வாரப் பயிற்சியை முடித்து 2021 மே 8 அன்று பெங்களூரில் வெளியேறினார்கள். அவர்களுக்கு என்னென்ன கற்பிக்கப்பட்டது என்ற அறிவிப்பைப் படித்தால் அடிப்படைப் போர்ப்பயிற்சி, எல்லா வகைக் காவல் பணிகள், போர்க் கைதிகளைக் கையாளுதல், அணிவகுப்புப் பணி, வாகனம் ஓட்டுதலும் பராமரிப்பும், தகவல் தொடர்பு என்று நீண்ட பட்டியல் வரும். காவல் பணிகள் என்ற சொல்லுக்குள்தான் புலன்விசாரணையும் அடங்கியிருக்கிறது. தடயம் எடுப்பது, வாக்குமூலம் எழுதுவது, ஆவணத்தைச் சங்கிலி அறாமல் கைமாற்றுவது ஆகியவை பின்னால் தனிப் பயிற்சிகளிலும், அதைவிட அதிகமாக ஒரு மூத்த அவில்தாரின் பக்கத்தில் நின்றும் கற்க வேண்டியவை.

அப்படி நின்று கற்பதற்கு நேரம் வேண்டும். ராணுவத்தில் யாரும் ஓரிடத்தில் நெடுநாள் இருப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டு எல்லைப்புறம், பிறகு அமைதி நிலையம், மறுபடி எல்லைப்புறம் என்று சுழற்சி. ஒரு வழக்கின் முதல் புகைப்படத்தை எடுத்தவர் ராணுவ நீதிமன்றம் கூடும்போது வேறொரு மலையடிவாரத்தில் வாகனங்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருப்பார்; சாட்சி சொல்ல அவரை அங்கிருந்து வரவழைக்க வேண்டும். 122ஆவது பிரிவோ பெரும்பாலான குற்றங்களுக்கு 3 ஆண்டுக் காலவரம்பு வைத்திருக்கிறது. மாற்றலும் காலவரம்பும் சேர்ந்தால் கோப்பு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே மிஞ்சுகிறது. 2022 முதல் அக்னிவீர் திட்டத்தில் நான்கு ஆண்டுக்கு எடுக்கிறார்கள். அவர்களில் 25 சதவீதம் வரைதான் தொடர்ந்து பணியில் வைக்கப்படுவார்கள். அந்த நான்கு ஆண்டுக்குள் பயிற்சியும் அடக்கம். போக்குவரத்துக்கும் வாசல் காவலுக்கும் அது போதலாம். நான்கு பதிவேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கும் கண் நான்கு ஆண்டில் வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

இது நம் ராணுவத்துக்கு மட்டுமான நோய் அல்ல. அமெரிக்கத் தரைப்படையில் குற்றப் புலனாய்வுக்கெனத் தனிப் பிரிவு 1918இல், முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த படைக்காக அமைக்கப்பட்டது. 1971இல் அது தனிக் கட்டளையகமாக்கப்பட்டு, அந்தந்த இடத்துத் தளபதிகளின் பிடியிலிருந்து விலக்கப்பட்டது. அதன் விசாரணையாளர்கள் சாதாரண உடையில், தம் பதவிநிலை தெரியாதபடி வேலை செய்கிறார்கள். கர்னலை விசாரிப்பவர் கீழ்நிலைக்காரர் என்பது கர்னலுக்குத் தெரிந்தால் விசாரணை நடக்காது என்ற எளிய காரணம்தான். அவ்வளவு ஏற்பாடு இருந்தும், 2020இல் டெக்சஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் ஒரு இளம் பெண் சிப்பாய் கொல்லப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட சுயேச்சையான குழு, அங்கிருந்த புலனாய்வுப் பிரிவில் அனுபவமற்றவர்கள் நிரம்பியிருந்ததையும், மாற்றல்கள் மிகுந்திருந்ததையும் குறையாகச் சொன்னது. அடுத்த ஆண்டு அந்த அமைப்பின் தலைமைக்குச் சீருடை அணியாத ஒருவர் கொண்டுவரப்பட்டார். பிரிட்டன் 2022 டிசம்பரில் முப்படைக்கும் பொதுவாக, கட்டளைச் சங்கிலிக்கு வெளியே, கடுங்குற்றப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் அந்தத் திசையில் ஒரு அடி எடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. முப்படைக் கூட்டு அமைப்புகளில் பணியாற்றுவோரின் ஒழுங்குக்கென 2023இல் வந்த சட்டம், எந்தப் படைத் தளபதி எவரைத் தண்டிக்கலாம் என்பதைத்தான் சீர்செய்தது. விசாரிப்பவரைத் தளபதியிடமிருந்து பிரிக்கவில்லை.

பிரிப்பது நல்லதா என்பதில் ஓய்வு பெற்றவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பெரியப்பா கடைசிவரை பிரிக்கக் கூடாது என்றே சொல்லிவந்தார். சிஓவுக்குத் தன் பையன்களைத் தெரியும், குடும்பக் கஷ்டம் தெரியும், எவன் பொய் சொல்வான் என்று தெரியும் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. சிறிய குற்றங்களில் அந்த நெருக்கம் இரக்கமாக மாறும். ஆனால் யூனிட்டின் பெயரே கெட்டுப்போகும் என்ற நிலை வரும் பெரிய குற்றத்தில், அதே நெருக்கம் மூடி மறைக்கும் ஆசையாக மாறுவதற்கும் தடையில்லை. டீசல் வழக்கையும் பத்ரிபல் வழக்கையும் ஒரே மேசை விசாரிக்கிறது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மதுரையிலிருந்து இந்த மேசையை எதிர்த்துக் கேள்வி கேட்க விரும்புபவர் முதலில் போக வேண்டிய இடம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டு 2009இல் நாடு முழுவதும் செயல்படத் தொடங்கிய தீர்ப்பாயம் அது. அதன் முடிவை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழி 2015இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் ஏறக்குறைய அடைபட்டிருந்தது; 2023 மார்ச் மாதத் தீர்ப்பு அந்தக் கதவை மறுபடி திறந்திருக்கிறது. சென்னைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை விசாரணைக் குழுவின் நடவடிக்கைகள், சாட்சியச் சுருக்கம், ராணுவ நீதிமன்றப் பதிவு ஆகியவற்றின் நகல்கள். வழக்கறிஞர் அவற்றைப் புரட்டும்போது முதலில் பார்ப்பது தீர்ப்பை அல்ல; ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யார், எந்தத் தேதியில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதையும், அன்று குற்றம் சாட்டப்பட்டவர் அந்த அறையில் இருந்தாரா என்பதையும்தான்.